பின்னால் இருக்கிற பொத்தான்

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே கணினித் துறைத் தலைவர் ஆளவந்தார் வராந்தாவில் திரும்பும் முன்பே அவர் குரல் லேபுக்குள் வந்துவிடும். லேப் உதவியாளர் பேச்சியம்மாளின் தற்காலிக வேலை அன்றோடு முடிகிறது. நீட்டிக்க ஆளவந்தாரின் கையெழுத்து வேண்டும்.

ஒரு சின்னக் கம்ப்யூட்டரையும் வேறொரு கம்ப்யூட்டரின் பெரிய காலிப் பெட்டி ஒன்றையும் அவர் காட்டினார்.

"இதோட மதர்போர்டு அந்தப் பெட்டிக்குள்ள போகணும். பெட்டிப் பொத்தானை அழுத்துனா ஓடணும். வயரை வெட்டக் கூடாது, புதுசா எதுவும் வாங்கக் கூடாது. முடியலேன்னா நாளைக்கு வராதே."

பெட்டிப் பொத்தானின் வயர் அந்த போர்டில் சேராது. ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு, 'நடக்காத காரியம்' என்று கல்லூரி முதல்வருக்கு எழுதிக் கொடுத்தவரே அவர்தான்.

சாயங்காலம் முதல்வரையும் கூட்டிவந்து, சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார். கம்ப்யூட்டர் ஓடியது. சிரிப்பு நின்றது.

"வயரை எதுல மாட்டுனே?"

"எதுலயும் மாட்டல சார். அது சும்மா தொங்குது. சின்னக் கம்ப்யூட்டரோட பழைய பொத்தானை வயரோட கழட்டி, இந்தப் பெட்டிப் பொத்தானுக்குப் பின்னால டேப் போட்டு ஒட்டிருக்கேன். முன்னால அழுத்துனா, இது போய் அதை அழுத்தும்."

"டேப்பா? எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

பேச்சியம்மாள் பணிவாகச் சொன்னாள்: "முன்னால இருக்கறது பெர்மனென்ட் சார். வேலை பாக்கறதுதான் டெம்பரவரி."

முதல்வர் வயிறு குலுங்கச் சிரித்தார். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து ஆளவந்தாரிடம் நீட்டினார்.

"அப்ப வேலை பாக்கறதை முதல்ல பெர்மனென்ட் பண்ணுங்க."