நெய்தலங்காடி ஏன் வேஷம் கட்டுகிறது?

அந்தக் காலத்தில், ஆந்தையும் பேயும் மனிதரோடு ஒரே பேச்சுப் பேசிய நாளில், கடலோர நகரமான நெய்தலங்காடி ஐப்பசி அமாவாசையன்று மூச்சுக்கூட விடாது. அன்றுதான் கழிமுகத்துப் பேய் ஊருக்குள் வந்து ஓர் ஆளைக் கொண்டுபோகும். பேய்க்குக் கண் மங்கல் என்பதால் ஆந்தை முன்னால் பறந்து வழிகாட்டும்.

யாரைக் கொடுப்பது என்று ஊர்கூடி முடிவு செய்வார்கள். அந்த வருஷம், சாயம் காய்ச்சும் பூமயில்.

"ஏன் நான்?"

"எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிறாயே, அதனால்தான் தாயி" என்றார் ஊர்த்தலைவர் மாசானம். "உன் வாய்க்குப் பேயே ஓடிவிடும்."

"அப்படியென்றால் கூட வாருங்களேன், வேடிக்கை பார்க்க!"

யார் வருவார்கள்? விளக்கை அணைத்து, கதவைச் சாத்திக்கொண்டார்கள். இதற்குப் பெயர் ஊர்க்கட்டுப்பாடாம்!

பொழுது சாய்ந்தது. பூமயிலால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஓடலாமென்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழி. சாயப்பட்டறைக்குள் பாய்ந்தாள். கரியும் செஞ்சாயமும் முகத்தில் அப்பினாள். வைக்கோலைத் தலையில் கட்டினாள். பூசணிக்காயைக் குடைந்து, பல் வெட்டி, உள்ளே அகல் ஏற்றி வாசலில் தொங்கவிட்டாள்.

பேய் வந்தது.

"யாரடா அது? இது என் தெரு!" என்று பூமயில் உறுமினாள்.

பேய் திடுக்கிட்டது. "தங்களுக்கு எந்தக் கழி?" என்று மரியாதையாகக் கேட்டது.

ஆந்தை சிரித்தது. "ஏமாறாதே அண்ணே, கால் நடுங்குகிறது பார். மனுஷிதான்."

பேய் கையை நீட்டியது.

எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. பூமயிலை அனுப்பச் சொன்னவர்களில் ஒருத்தியான உப்புக்காரி காத்தாயி, கதவிடுக்கில் பார்த்துப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல், முகமெல்லாம் மாவு பூசிக்கொண்டு ஓடிவந்தாள். "எங்கள் பேயைத் தொட்டுப் பார், தெரியும்!"

அடுத்த கதவு. அதற்கடுத்தது. கோழிச் சிறகு, மீன்வலை, தலையில் கவிழ்த்த பானை. மாசானம் மனைவியின் புடவையைச் சுற்றிக்கொண்டு கடைசியாக வந்தார்.

"இதில் மனுஷர் யார்?" என்று பேய் அலறியது.

"எல்லாக் காலும் நடுங்குகிறதே அண்ணே!" ஆந்தை கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடியது. இன்றும் அப்படித்தான் திருப்புகிறது. பேய் அத்தனை பேயை ஒருசேரக் கண்டதில்லை. கழிப்பக்கம் ஓடியது ஓடியதுதான்.

பூமயில் நன்றி சொல்லவில்லை. "இவ்வளவு வருஷமும் எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்டாள்.

அன்று தொடங்கியதுதான், நெய்தலங்காடியில் ஐப்பசி அமாவாசைக்கு வாசலெல்லாம் பல்லிளிக்கும் பூசணி, தெருவெல்லாம் வெட்கமில்லாத வேஷம். யாராவது விளக்கணைத்துக் கதவைச் சாத்தியிருந்தால் மட்டும், ஊரே தட்டிக் கேட்கிறது: "உள்ளே யார்? இந்த வருஷம் யாரை அனுப்பப் பார்க்கிறீர்கள்?"