தாம்பாளத்தில் தெரிந்த பருக்கை

செம்பூரணி ஜமீன்தார் சங்கிலி பூபதிக்கு ஏகாதசி வந்துவிட்டால் போதும், தானும் சாப்பிட மாட்டார், அரண்மனையில் ஒருத்தரையும் சாப்பிட விடமாட்டார். அடுப்பே எரியக் கூடாது. அப்படி ஒரு ஏகாதசியில்தான், பாத்திரம் தேய்க்கிற ஆவுடைத்தாய் பசி மயக்கத்தில் பூஜைக் குடத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஒரு நாள் பட்டினிக்கே கை நடுங்குதா?" என்று எகிறினார் ஜமீன்தார். பரணில் பத்து வருஷமாகக் கறுத்துக் கிடந்த பித்தளைத் தாம்பாளத்தை அவள் முன்னால் போடச் சொன்னார். "சாயங்கால பூஜைக்குள்ள இதுல என் முகம் தெரியணும். ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் நீ ஊரை விட்டே போயிடணும்."

ஆவுடைத்தாய் புளியைக் கரைத்துப் போட்டுத் தேய்த்தாள். சாயங்காலம் தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்தபோது, உதிக்கிற சூரியனைப் பார்த்த மாதிரி பூஜைக்கு வந்திருந்த கூட்டம் வாயைப் பிளந்தது.

ஜமீன்தார் குனிந்து பார்த்தார். "இதோ ஒரு சோத்துப் பருக்கை ஒட்டியிருக்கே!"

அவரை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி நீட்டினாள். பருக்கை போகவில்லை என்றார். செங்கல் பொடி போட்டுத் தேய்த்தாள். பார்த்தவர்களுக்குக் கண் கூசியது. கும்பிடப் போனார்கள் சிலர்.

"அங்கேயேதான் இருக்கு!" என்று கத்தினார் ஜமீன்தார்.

"மூணு விதமாத் தேய்ச்சுப் பாத்துட்டேன் எசமான்," என்றாள் ஆவுடைத்தாய். "இனிமே அது போகணும்னா, நீங்கதான் மீசையைத் தொடைக்கணும்."

அடுத்த ஏகாதசிக்கு அரண்மனை அடுப்பு விடியும்போதே எரிந்தது.