வெளியே கறுத்த அண்டா

முக்கால்பட்டியில் ஒருத்தனுக்கும் பேரம் பேசத் தெரியாது. நான் பாத்திரக்கடைக்காரன், நான் விலையைக் குறைத்தால் அவர்கள் ஏற்றுவார்கள். சடையாண்டியும் அவன் தம்பி மாயழகும் தங்கை பவளக்கொடியின் சீருக்குச் செப்பு அண்டா வாங்கியதும் அப்படித்தான். நாலு பேர் இறங்கிக் குளிக்கலாம், அவ்வளவு பெரிசு.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் ஓடி வந்தார்கள்.

"அண்ணாச்சி, அண்டா கறுத்துப்போச்சு! பளபளன்னு இல்லைன்னா தாலி கிடையாதுன்னு மாப்பிள்ளையோட அம்மா சொல்லிட்டாங்க. தங்கச்சி அழுதுக்கிட்டே இருக்கா."

"காத்தும் ஈரமும் பட்டா செம்பு கறுக்கத்தான்டா செய்யும். புளியும் உப்பும் போட்டுத் தேய்ங்க. போங்க!"

சாயங்காலம் அண்டாவையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"கை தேஞ்சதுதான் மிச்சம், அண்ணாச்சி."

"புளியை எங்கடா போட்டீங்க?"

"உள்ளே. தண்ணி விட்டு, விளிம்பு வரைக்கும்."

"தேய்ச்சது?"

"வெளியே."

வந்த கோபத்தில் கையில் கிடைத்த கரண்டியை வீசினேன். மாயழகு அதைப் பிடித்து, "இது இனாமா?" என்று இடுப்பில் செருகிக்கொண்டான்.

எட்டிப் பார்த்தேன். உள்ளே முகம் தெரிந்தது. வெளியே அடுப்புக்கரி.

"சட்டையைத் திருப்புற மாதிரி இதைத் திருப்பிட்டா போதும்" என்றான் சடையாண்டி.

"சட்டைக்குக் கை இருக்கு, பிடிச்சு இழுக்கலாம். அண்டாவுக்கு?" என்றான் மாயழகு.

"அந்தப் புளியை வெளியே தேய்ங்கடா!"

"வெளியே ஊத்தினா வழிஞ்சு போயிடுமே, அண்ணாச்சி" என்று சடையாண்டி என் அறிவை நினைத்து வருத்தப்பட்டான்.

மறுநாள் முகூர்த்தத்துக்கு நானும் போனேன். சம்பந்தியம்மா அண்டாவைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். பவளக்கொடி விசும்பினாள்.

"அங்கேயிருந்து பார்த்தா கறுப்புதாம்மா. உள்ளே வந்து பாருங்க" என்று அண்ணன் தம்பி இருவரும் முக்காலி போட்டார்கள். அந்த அம்மாளும் முக்கால்பட்டியில் பெண்ணெடுக்க வந்தவள்தானே, இறங்கிவிட்டாள்.

"அடடா, எப்படி மின்னுது! இங்கேயே வந்து தாலியைக் கட்டுடா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மாப்பிள்ளை இறங்கினான். பெண் இறங்கினாள். புரோகிதரும் ஒருக்களித்து இறங்கினார். கெட்டிமேளம் முழங்கியது. சுற்றி நின்ற சனமெல்லாம் அட்சதையை அண்டாவுக்குள் அள்ளி அள்ளிப் போட்டது.

அந்தப் பக்கமாக வந்த சமையல்காரன் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அரிசியைப் போட்டுட்டுத் தண்ணி ஊத்தாம நிக்கிறீங்களேடா, முட்டாப்பயலுகளா!"

இரண்டு குடம் தண்ணீரை உள்ளே கவிழ்த்துவிட்டு, விறகெடுக்க ஓடினான்.