கருநகத்தானும் ஒரு கை உப்பும்

ஒரு ஊர்ல ஒரு கம்பங்காடு. எம்மாம் பெரிய காடுங்கிறே? மேற்கு வரப்புல பொறந்த கன்னுக்குட்டி கிழக்கு வரப்புக்கு வந்து சேர்றதுக்குள்ள கிழட்டு மாடாயிரும். நம்பலையா? அந்த மாட்டுப் பாலைக் குடிச்சவன் நான். ம் சொல்லு.

அந்தக் காட்டோரத்துல மாடத்தின்னு ஒருத்தி, இடுப்புப் புள்ளையோட இருந்தா. புருஷன் ஆட்டுக்கிடை போடத் தெக்கே போயிட்டான். அந்த வருஷம் கம்பு பூக்குற நேரம் பார்த்து மழை பிடிச்சுக்கிச்சு. சளசள சளசளன்னு விடாத மழை. அப்புறம் பார்த்தா, கதிர்ல தேன் ஒழுகுது. சொட்டு... சொட்டு... தேன் காய்ஞ்ச இடத்துல, கம்போட கம்பா, கறுப்பாக் கூரா என்னமோ முளைச்சுது.

நகம். கருநகத்தான்னு ஒரு பேய், அவனோட நகம். அது எந்த வயித்துக்குள்ள போகுதோ, அந்த வயித்துல அவன் குடியேறிருவான். மாடத்தியோட வெள்ளாடு அந்தக் கதிரைத் தின்னுச்சு. வெடவெட வெடவெடன்னு நடுங்குச்சு. பொழுது சாயச் செத்துப்போச்சு.

வீட்டுல வேற தானியம் ஒரு மணி கிடையாது. புள்ளை பசியில அழுது அழுது, அழத் தெம்பில்லாம முனகுது. அந்தக் கம்பைக் காய்ச்சினா நகம், காய்ச்சலைன்னா பசி. ம்?

அப்போ கதவுல சத்தம். கரக்... கரக்...

"மாடத்தி, கூழ் ஆச்சா? புள்ளை வயித்துல எனக்கு இடம் போட்டு வையி."

மாடத்தி கம்பை முறத்துல போட்டுப் புடைச்சா. சர்ர்... சர்ர்... தூசி பறந்துச்சு, நகம் பறக்கலை. கரக்... கரக்... சல்லடையில சலிச்சா. கம்பும் நகமும் ஒண்ணா விழுந்துச்சு. கதவு இடுக்குல கறுப்பா ஒரு விரல் நுழையுது. பானைத் தண்ணியில கொட்டினா. ரெண்டும் ஒண்ணா முங்குச்சு. தாழ்ப்பாள் ஆடுது.

சுவத்துக்கு அந்தப் பக்கம் அவ ஓரகத்தி பிச்சம்மா. ஒரு கோழித் தகராறுல ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. மாடத்தி வீட்டுல எண்ணெய் இல்லை. பிச்சம்மா வீட்டு விளக்குதான் கூரைக்கு எட்டாத மொட்டைச் சுவத்துக்கு மேல வழிஞ்சு ரெண்டு வீட்டுக்கும் வெளிச்சம்.

"வெறுந்தண்ணியில மிதக்குமாடி அது? உப்பைக் கரை. கோழியைத் திங்கத் தெரியுது, இது தெரியலை."

"உப்பு இல்லக்கா."

"விளக்கு வச்சாச்சு. இனி உப்பு வாசல் தாண்டுனா சீதேவி போயிருவா."

"புள்ளை போயிருவான்க்கா."

கரக்... கரக்... பிச்சம்மாவுக்கும் கேட்டுச்சு. அப்புறம் பொசுக்குனு விளக்கை அமத்திட்டா.

"இப்போ என் வீட்டுல விளக்கு வைக்கலை. கையை நீட்டு."

கும்மிருட்டு. தாழ்ப்பாள் டொக்குனு விழுந்துச்சு. மாடத்தி சுவத்துக்கு மேல கையை நீட்டினா. ஒரு கை வந்து பட்டுச்சு. யார் கை? விரல் நுனியைத் தடவிப் பார்த்தா. கூரா ஒண்ணும் இல்லை. தேய்ஞ்ச நகம், காய்ச்சுப்போன கை. பிச்சம்மாதான்.

உப்பைப் பானையில போட்டுக் கலக்கினா. கரகர கரகர... அவ கழுத்துல மூச்சு படுது. "பசிக்குது மாடத்தி..." புளுக். புளுக். மிதந்து வந்ததை எல்லாம் இருட்டுலேயே தடவித் தடவி வழிச்சு, அடுப்புத் தணல்ல எறிஞ்சா. படபட படபட...

கழுத்துல பட்ட மூச்சு நின்னுபோச்சு.

அந்தப் பக்கம் திரும்ப விளக்கு எரிஞ்சுது. பானையில மேல ஒண்ணும் இல்லை, அடியில வெறும் கம்பு. நல்ல தண்ணியில அலசி, இடிச்சு, கூழ் காய்ச்சி ஊட்டினா. புள்ளை ஏப்பம் விட்டுச்சு.

"கோழியை நான் மறக்கலை, ஆமா," அப்படின்னுச்சு சுவரு.

கூழும் தீர்ந்துச்சு, கதையும் தீர்ந்துச்சு, கண்ணை மூடு. அது சரி, இன்னைக்கு நகம் வெட்டினியா நீ?

இல்லையா? அப்போ கையைப் போர்வைக்குள்ள வச்சுக்கிட்டுத் தூங்கு.