கதவின்மேல் ரயில்

நாச்சிமுத்து தன் தம்பியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு கையாக மட்டும்தான். ஆட்டோ கிளம்பும்போது திருமூர்த்தியின் கை வெளியே வந்தது. அது என்ன செய்யப் போகிறது என்று பார்க்க நாச்சிமுத்து நிற்கவில்லை. கேட்டை இழுத்துச் சாத்தினார். இரும்பு அதிர்ந்த அதிர்வில் ஆட்டோ போன சத்தம்கூடக் காதில் விழவில்லை.

சண்டை ஒரு பொம்மை ரயிலுக்காக.

திருமூர்த்தி கிளீவ்லண்டிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தான். உள்ளே நீல நிறத்தில் ஒரு சின்ன ஷண்டிங் எஞ்சின், அமெரிக்க சரக்குப் பெட்டிகள் சில, தண்டவாளத் துண்டுகள், லைன் மாற்றிவிடும் பாயிண்டுகள். சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து ஒரு குட்டி ரயில் யார்டை வரைந்தான். இந்த ரயில் எந்த ஊருக்கும் போகாது. வட்டம் சுற்றாது. பெட்டிகளை ஒரு லைனிலிருந்து பிரித்து, சொன்ன வரிசையில் இன்னொரு லைனில் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். அவ்வளவுதான். அங்கே வயசானவர்கள் மாலை முழுக்க இதையே செய்கிறார்கள் என்றான்.

எஞ்சின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு முன்னால் போய் நிற்கவும், பாயிண்டை மாற்றியபின் பின்னுக்குத் தள்ளவும் ஒரு லைன் வேண்டும். யார்டில் அதைக் கழுத்து என்பார்கள். திருமூர்த்தி வரைந்த கழுத்தில் எஞ்சினும் மூன்று பெட்டிகளும்தான் நிற்கும்.

"எவன்டா இப்படிக் கழுத்து வெப்பான்? நெரிச்சு விட்ட மாதிரி இருக்குது."

"இடம் பத்தாம இருந்தாத்தாண்ணா விளையாட்டு."

"போத்தனூர் யார்டுல முப்பது வருஷம் நான் செஞ்ச வேலைடா இது. உனக்கு விளையாட்டா?"

"ஐயோ, அதுக்குச் சொல்லலைண்ணா..."

"எடுத்துட்டுப் போடா உன் பொம்மைய."

தம்பி போனான். பெட்டி போகவில்லை.

அந்த ஊர்ப் பனிக்காலத்தில், வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது திருமூர்த்தி சரிந்தான். அவன் மனைவி விமலாதான் போனில் சொன்னாள். நாச்சிமுத்து "சரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். அழவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனார். தம்பி வந்தால் தங்கும் அறையின் கதவைக் கழற்றினார். கூடத்தில் இரண்டு பெஞ்சுகளின் மேல் அதைக் கிடத்தினார்.

"உன் கழுத்து சரியா, என் கழுத்து சரியா, பாத்துப்புடலாம்டா" என்றார் கதவைப் பார்த்து.

அமெரிக்கப் பொம்மை ரயில்களைப் பற்றித் தெரிந்தவர் போத்தனூரில் ஒருவர்தான் இருந்தார். பிளாரன்ஸ் டீச்சர். பள்ளியில் கணக்கு நடத்துகிறவர். கணவரோடு சில காலம் அந்த நாட்டில் இருந்தபோது கற்றுக்கொண்டது. நாச்சிமுத்துவைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து சொல்லித்தர ஒப்புக்கொண்டார்.

முதல் நாள் வந்ததும் டீச்சர் கேட்டார்.

"கதவாங்ணா இது?"

"ஏன், கதவுல ரயிலு ஓடாதா?"

"ஓடும். அங்கயும் நிறையப் பேர் கதவு மேலதான் கட்டுவாங்க. கடையில புதுசா வாங்கி."

"இது பழசு."

டீச்சர் திரும்பிக் கதவில்லாத அறையைப் பார்த்தார்.

"இந்தாங்க டீச்சர், முன்னாடியே சொல்லிப்போடறேன். தண்டவாளம் ஒட்டறது எப்படின்னு மட்டும் சொல்லிக்குடுங்க. ரயில் ஓட்ட எனக்குச் சொல்லித்தர வேண்டாம்."

"சரிங்ணா."

"ஒரு ஐப்பசி மழை. காலையில. பாயிண்ட்ஸ்மேன் காளியப்பன் முன்னால நின்னு கை காட்டறான், நான் தள்ளிட்டு வர்றேன். வளைவுல கையக் காணோம். நிறுத்திட்டேன். 'என்ன டிரைவரே, தூக்கமா? தள்ளுங்க'ன்னு ஆளாளுக்குக் கத்தறானுங்க. எவன் கத்தினா எனக்கென்ன? கை மறைஞ்சா எஞ்சின் நிக்கணும். போய்ப் பாத்தா, வழுக்கி விழுந்து தண்டவாளத்துக்கு நடுவுல கெடக்கறான். பேச்சு மூச்சில்லை."

"போய்ப் பாத்தது யாருங்ணா?"

"நான்தான். வேற எவன் போவான் அந்த மழையில?"

டீச்சர் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

நாச்சிமுத்து கழுத்தைத் தன் இஷ்டத்துக்கு நீளமாக வைத்தார். கதவின் பாதி நீளம் அதற்கே போனது. டீச்சர் தடுக்கவில்லை. எல்லாப் பெட்டிகளையும் கலைத்து நிறுத்தி, வரிசையைச் சொன்னார்.

நாச்சிமுத்து மொத்தப் பெட்டிகளையும் ஒரே இழுப்பில் கழுத்துக்குக் கொண்டுவந்தார். தள்ளினார், பிரித்தார், தள்ளினார். ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துபோயிற்று.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்ணா."

"இன்னொருக்கா?"

"எத்தனை தடவை செஞ்சாலும் இதேதான்."

அவர் நீல எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல்கள் சிவந்தன.

"செத்தும் செயிச்சுப்புட்டான் பாருங்க, நாய்ப்பய."

டீச்சர் போனதும் சிறு ரம்பத்தை எடுத்தார். தம்பி வரைந்த அளவுக்குக் கழுத்தை அறுத்தார். அப்போதும் கோபம் அடங்கவில்லை. பொடிக்கல்லைக் கொண்டுவந்து தண்டவாளம் நெடுகக் கொட்டினார். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து, செடிக்கு ஊற்றுவதுபோல மேலே ஊற்றினார். எங்கே ஊற்றலாம், எங்கே ஊற்றக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தது நினைவிலேயே இல்லை.

மறு சனிக்கிழமை பாயிண்டுகள் ஒன்றும் அசையவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து வழிவிட வேண்டிய தண்டவாள நாக்குகள் பசையில் இறுகிக் கல்லோடு கல்லாய் நின்றன. எஞ்சினை எந்த லைனில் விட்டாலும் ஒரே வழியில்தான் போனது.

நாச்சிமுத்து உளியோடு வந்தார்.

"ஒரு தட்டுத் தட்டினா வந்துரும்."

"நாக்கு ஒடிஞ்சு வரும். வெந்நீர் வெச்சுக் கொண்டு வாங்ணா."

"எதுக்கு, காப்பி போடவா?"

"கொண்டு வாங்க."

டீச்சர் பஞ்சை வெந்நீரில் நனைத்து ஒவ்வொரு பாயிண்டின் மேலும் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப?"

"இப்ப ஒண்ணுமில்லை. ஆறினா மாத்தணும்."

"இப்படி உக்காந்துட்டே இருக்கறதா?"

"ஆமாங்ணா."

அவர் கூடத்தில் நடந்தார். கேட் வரை போனார். திரும்பி வந்து நின்றார்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல அவன்? மாசக் கணக்கா எங்க போச்சு வாய்?"

"நீங்க பண்ணுனீங்களா?"

"நான் மூத்தவன்!"

டீச்சர் பஞ்சை மாற்றினார். வெகுநேரம் கழித்து முதல் நாக்கு, பால்போல வெளுத்த தண்ணீரைக் கக்கிக்கொண்டு அசைந்தது. இரண்டாவதும் அசைந்தது. மூன்றாவதை நாச்சிமுத்து ஏற்கெனவே உளியால் தொட்டிருந்தார். அது ஒடிந்துதான் வந்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை டீச்சர் உள்ளே வரும்போது நாச்சிமுத்து போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"வேலை இருக்குதும்மா... இருக்குதுன்னா இருக்குது... நான் வந்து என்னத்தப் பண்ணப் போறேன்? நீங்களே கரைச்சுருங்க."

போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"யாருங்ணா?"

"விமலா. சாம்பலத் தூக்கிட்டு அத்தனை தூரம் வந்திருக்கறா. நாளைக்குக் காலையில பேரூர் படித்துறையில கரைக்கறாளாம். நான் வந்து நிக்கணுமாம். உசுரோட இருக்கறவன் எழவுன்னா நிக்கலாம். இவன்..." அவர் நிறுத்தினார். வாக்கியம் எங்கே போகிறதென்று அவருக்கே தெரியவில்லை.

"என்ன வேலை இருக்குதுன்னு சொன்னீங்க?"

"இதா, இது. இன்னும் முடியலையே."

டீச்சர் கதவைப் பார்த்தார். பொடிக்கல் காய்ந்திருந்தது. நடுவில் அட்டையில் செய்த மாவு மில் ஒன்று உயரமாக நின்றது. அதற்குப் பின்னால் போகும் லைனின் முனையில், பெட்டிகளைத் தடுத்து நிறுத்தும் முட்டுக்கட்டை மட்டும் இன்னும் வைக்கவில்லை.

"பெட்டியக் கழட்டி விட ஒரு மெல்லிசுக் குச்சி வேணும். ஊதுபத்திக் குச்சி இருக்குதுங்களா?"

"இந்த வீட்டுல ஊதுபத்தி ஏத்தறதில்லை."

சுவரில் திருமூர்த்தியின் படம் இல்லை. விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவிக் கொடுத்தார். டீச்சர் அதைக் கொக்கிகளுக்கு நடுவே நுழைத்துத் திருகினார். மூன்று பெட்டிகளை எஞ்சினோடு விட்டு மற்றவற்றைப் பிரித்தார்.

நாச்சிமுத்து எஞ்சினை ஓட்டும் கண்ட்ரோலரைக் கையில் எடுக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்ணா."

"அன்னிக்கு ஆட்டோவுல இருந்து கைய நீட்டினான். நான் பாக்கல. கேட்டச் சாத்திட்டேன். அது என்ன கை? போயிட்டு வர்றேங்கற கையா? போடா மயிருங்கற கையா? வண்டிய நிறுத்தச் சொன்ன கையா? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுதே, இதச் சொல்லுங்க பாக்கலாம். சேதி வந்து மூணு மாசமா எனக்குத் தூக்கமில்லை."

டீச்சர் அவரைக் கழுத்துப் பக்கம் உட்கார வைத்தார். கண்ட்ரோலரைக் கையில் கொடுத்தார். தான் கதவின் மறுமுனைக்குப் போய் மாவு மில்லின் ஓரமாக நின்றார். நாச்சிமுத்து உட்கார்ந்த இடத்திலிருந்து எஞ்சின் தெரிந்தது. தள்ள வேண்டிய லைனின் முனை தெரியவில்லை. மில் மறைத்தது.

"அங்க இந்த வேலைய ரெண்டு பேராத்தான் செய்வாங்க. ஒருத்தர் ஓட்டறது, ஒருத்தர் கை காட்டறது. மூணு பெட்டியையும் பின்னால தள்ளிட்டு வாங்க. என் கையப் பாத்து."

"இதத்தான முப்பது வருஷம் செஞ்சேன்!"

"அப்ப தள்ளுங்க."

டீச்சரின் கை மில்லுக்கு மேலே வா வா என்றது. நாச்சிமுத்து குமிழைத் திருகினார். எஞ்சின் முனகிக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தது. பச்சைப் பெட்டி, சிவப்புப் பெட்டி, கடைசியில் மஞ்சள் பெட்டி. மஞ்சள் பெட்டி மில்லுக்குப் பின்னால் போய் மறைந்தது. கை இன்னும் வா என்றது.

பிறகு கை இல்லை.

நாச்சிமுத்துவின் கண் கை இருந்த இடத்திலேயே இருந்தது. விரல் குமிழில் இருந்தது. குமிழை இன்னும் திருகினார்.

மஞ்சள் பெட்டி கதவின் விளிம்பைத் தாண்டிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. சக்கரம் ஒன்று கழன்று அலமாரிக்கு அடியில் உருண்டது.

நாற்காலி பின்னால் சாய அவர் எழுந்தார்.

"அறிவிருக்குதா உங்களுக்கு? கை காட்டறேன்னு நின்னுட்டு எங்க போய்த் தொலைஞ்சீங்க? அது அவன் தூக்கிட்டு வந்த பெட்டி! கடல் தாண்டி மடியில வெச்சுத் தூக்கிட்டு வந்தான்!"

"எங்கயும் போகலைங்ணா. இங்கயேதான் நிக்கறேன்."

"கை எங்க போச்சு?"

"இறக்கிட்டேன்."

"ஏன் இறக்குனீங்க?"

"கை வலிச்சிருக்கலாம். காளியப்பன் மாதிரி வழுக்கி விழுந்திருக்கலாம். உங்க மேல கோவமா இருந்திருக்கலாம். எதுன்னு உக்காந்த இடத்துல இருந்து உங்களுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? மறைச்சிருக்குதே!"

"தெரியாதப்ப என்ன செய்யணும்?"

நாச்சிமுத்துவின் வாய் திறந்தது. அந்த விடையை அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். புதிதாக வேலைக்கு வந்த எத்தனையோ பேருக்குத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

"நிறுத்தணும்" என்றார்.

"நீங்க நிறுத்தலை."

"நிறுத்தலை."

"கேட்டச் சாத்துனதுல இருந்தே நிறுத்தலை."

அவர் குனிந்து மஞ்சள் பெட்டியை எடுத்தார். ஒரு பக்கக் கொக்கி முறிந்திருந்தது. சட்டை நுனியால் அதைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். கோபம் போகவில்லை. ஆனால் அதைக் கொண்டுபோய் வைக்க இப்போது இடம் எதுவும் இருக்கவில்லை.

"நிறுத்தியாச்சுன்னே வெச்சுக்குங்க" என்றார் கடைசியில். "அந்தக் கை திரும்ப வரவே வராதுன்னா? அப்ப டிரைவர் என்னதான் பண்றது டீச்சர்?"

பிளாரன்ஸ் டீச்சர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"மழையில இறங்கிப் போனீங்கல்லங்ணா அன்னிக்கு."

கேட் திறந்து மூடும் சத்தம் கேட்டது. நாச்சிமுத்து கவிழ்ந்து கிடந்த போனைத் திருப்பி, விமலாவை அழைத்தார்.

நீல எஞ்சின் அன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. பின்னால் இரண்டு பெட்டிகள். தம்பியின் அறைக்குக் கதவு இல்லை.