கனாக்கொடியும் காவல்காரச் செந்நாயும்

ஆனைப்பாறைக் காட்டில் கூரன் என்ற செந்நாய் காவல் தலைவனாக இருந்தது. அந்தக் காட்டுச் சுனையோரம் கனாக்கொடி படர்ந்து கிடந்தது. அதன் இலையைத் தின்றால் கண் முன்னே இல்லாததெல்லாம் தெரியும்.

ஒரு நாள் கூரனின் குட்டி விளையாட்டாக வாய் நிறைய இலையைத் தின்றது. பக்கத்திலிருந்த கிடுகிடு பள்ளத்தைப் புல்வெளி என்று நினைத்துப் பாய்ந்தது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

கூரன் அரசி யானையிடம் போய் அழுதது. “இனி யாரும் அந்த இலையைத் தொடக் கூடாது, அம்மா.”

அரசி அப்படியே சட்டம் போட்டது. மீறுகிறவர்கள் காட்டை விட்டே வெளியேற வேண்டும்.

சருகுமான்களுக்கு இது பேரிடியாக இருந்தது. ஆண்டுக்கு ஒரு நாள், முதல் மழைக்கு மறுநாள் காலையில், அவை ஆளுக்கு ஓர் இலை தின்று, இறந்துபோன தங்கள் உறவுகளை நினைத்துக் கும்பிடும். அந்தக் கூட்டத்தின் பூசாரி பூவாத்தா கூரனைத் தேடி வந்தது.

“ஐயா, எங்களுக்கு இது தீனி இல்லை, கும்பிடு. ஒரே ஒரு காலைக்கு விட்டுவிடுங்கள்.”

“என் குட்டி போனது போதாதா?”

“அந்தத் துக்கம் எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் கும்பிடாமல் எங்களால் இருக்க முடியாது. ஒளித்துச் செய்யவும் மனம் வரவில்லை. அதனால்தான் சொல்ல வந்தேன்.”

“செய்தால் பிடிப்பேன்.”

“பிடியுங்கள், ஐயா” என்று சொல்லிவிட்டுப் பூவாத்தா போனது.

முதல் மழை பெய்தது. மறுநாள் காலையில் கூரன் புதருக்குள் பதுங்கியது. சருகுமான்கள் வரிசையாக வந்தன. பூவாத்தா ஒவ்வொன்றுக்கும் ஓர் இலை கொடுத்தது. ஐந்து மான்கள் மட்டும் எதையும் தின்னாமல், பள்ளத்தை மறைத்து வேலிபோல் நெருங்கி நின்றன.

சிறிது நேரத்தில் ஒரு மான், “அம்மா, அம்மா” என்று அழுதபடி பள்ளத்தை நோக்கித் தள்ளாடியது. வேலி அசையவில்லை. “இந்தப் பக்கம் வா, கண்ணு” என்று மெல்லத் திருப்பி அனுப்பியது. உச்சிவேளையில் மயக்கம் தெளிந்தது. எல்லாம் தண்ணீர் குடித்துவிட்டு, பாரம் இறங்கினாற்போல் உட்கார்ந்தன.

கூரனுக்குப் பாயத் தோன்றவில்லை. என் குட்டியின் பக்கத்தில் இப்படி யாராவது நின்றிருந்தால் என்று நினைத்தது. நேரே அரசியிடம் போனது.

“பிடித்தாயா?” என்றது அரசி.

“இல்லை, அம்மா. பார்த்தேன். சட்டத்தை மாற்றுங்கள்.”

“கேட்டதே நீதானே?”

“வலியில் கேட்டேன். இலையைப் பழித்தேன். குட்டியைத் தனியாக விட்ட என்னைப் பழிக்க மனம் வரவில்லை.”

அமைச்சர் நரி குறுக்கிட்டது. “ஒருவருக்கு விட்டால் எல்லோரும் கும்பிடு என்று கிளம்புவார்கள்.”

“கிளம்பட்டும். எப்படிக் கும்பிடுகிறார்கள், யார் காவல் நிற்கிறார்கள் என்று போய்ப் பார்த்து முடிவு செய்வோம்” என்றது அரசி. “விளையாட்டுக்குத் தின்கிறவர்களுக்குத் தடை தடைதான். சருகுமான்கள் கும்பிடலாம்.”

அடுத்த ஆண்டு முதல் மழைக்கு மறுநாள் கூரன் சுனைக்கு வந்தது. “வேலியில் எனக்கும் ஓர் இடம் தருவீர்களா?” என்று தயங்கிக் கேட்டது. மான்கள் நகர்ந்து இடம் விட்டன. பள்ளத்துக்கு மிக அருகில் இருந்த இடத்தில் கூரன் போய் நின்றது.

பயந்து ஒன்றைத் தடுக்கும் முன், அதைப் புனிதமாக நினைப்பவர்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்று பக்கத்தில் போய்ப் பார்ப்பதே நியாயம்.