417-ஆம் எண் உறை

திருச்சி கண்டோன்மெண்டில் எஸ்தர் சிஸ்டரின் வீட்டுக்கு அதிகம் பேர் போவதில்லை. பட்டாள ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கூடத்துச் சுவர் முழுக்கத் துப்பாக்கி முனையில் மாட்டுகிற பழைய கத்திகள். அந்தக் காலத்து ஆட்கள் அதைத் துப்பாக்கிச் சனியன் என்பார்கள். போகிற சனியனை விலை கொடுத்து வாங்கியிருக்கிறாள் என்று தெரு சிரித்தது.

ஜம்புநாதன் சிரிக்கவில்லை. ஓய்வு பெற்ற தாசில்தார், சிஸ்டரைவிடப் பத்து வயது மூத்தவர். அவரிடமும் அப்படிக் கத்திகள் இருந்தன. ஒன்றுக்கும் உறை கிடையாது. அவற்றில் நல்லதாக ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, உங்களிடம் கற்றுக்கொள்ள வந்தேன் என்று வாசலில் நின்றார்.

"உறை எங்க சார்?"

"கெடைக்கலை. கத்திதானே சிஸ்டர் முக்கியம்?"

"அப்ப அது வெளியிலயே இருக்கட்டும். நீங்க உள்ள வாங்க."

கத்தியைச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

உள்ளே போனவர் சுவரை ஆணி ஆணியாகப் பார்த்துக்கொண்டு போனார். எத்தனை விதம்! முழங்கை நீளத்தில் ஒன்று, பாக்கு வெட்டுகிற அளவில் ஒன்று, முதுகில் ரம்பப் பல் வைத்தது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கீழே அதற்கே பிறந்த தோல் உறை. கத்தியில், பிடிக்கு மேலே குறுக்கே இருக்கும் இரும்பில் என்ன எண்ணோ அதே எண் உறையின் இரும்பு வாயிலும். இவற்றை அடித்தவன் கையும் தைத்தவன் கையும் லேசுப்பட்ட கைகள் அல்ல.

தோல் உறைக்குள் அப்படியே விட்டால் கத்தி துருப்பிடிக்கும். அதனால் சிஸ்டர் காலையில் எல்லாக் கத்திகளையும் வெளியே எடுத்து எண்ணெய்த் துணியால் துடைத்துக் காற்றாட வைப்பார். விளக்கு வைக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக உறையில் போடுவார். போடும்போது வாய்விட்டு, "உள்ளே" என்பார். அடுத்தது. "உள்ளே."

கடைசி ஆணியில் தொங்கியது காலி உறை. இரும்பு வாயில் 417. அதன் முன்னால் நின்று அவர், "ஒண்ணு வெளியே" என்று சொல்லிவிட்டு விளக்கைப் போட்டார்.

"உங்களுக்கு இது மேல என்ன சிஸ்டர் இவ்வளவு பிரியம்?" என்று ஒருநாள் கேட்டார் ஜம்புநாதன்.

"எல்லையில வேலை பார்த்தப்போ குத்துப்பட்ட பையன் ஒருத்தன் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். தண்ணி கேக்கலை, அம்மாவைக் கேக்கலை. அந்தக் கத்தியை உள்ள போடச் சொல்லுங்க சிஸ்டர்னே சொல்லிக்கிட்டிருந்தான்."

ஜம்புநாதன் எண்ணெய்த் துணியைக் கையில் எடுத்தார்.

கத்திகளைத் துடைக்க விட்டார் சிஸ்டர். உறையில் போட மட்டும் விடவில்லை. ஜம்புநாதனுக்கு அது ஒன்றுதான் ஆசை. தாலுகாவையே கட்டி மேய்த்தவர், குழந்தை மாதிரி கேட்டுப் பார்த்தார்.

"417-ஐக் கொண்டாங்க. அன்னிக்கு எல்லாத்தையும் நீங்களே போடலாம்" என்றார் சிஸ்டர். "அது வெளியில இருக்குன்னு நெனச்சாலே எனக்குத் தூக்கம் வர்றதில்லை சார். யார் கையில இருக்கோ."

பழைய இரும்புக் கடை, ஏலக்கடை, சந்தை என்று அவர் ஏறாத இடம் இல்லை. வருடங்கள் ஓடின. ஒருமுறை ஆனைமலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், பக்கத்துத் தோப்பில் தேங்காய் உரிக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். மாராத்தாள் என்ற பெண் உரித்துக்கொண்டிருந்தாள். கட்டைக்குள் பிடி புதைந்து, முனை வானம் பார்க்க நின்றது உரிகம்பி. ஆனால் அது கம்பி இல்லை, துப்பாக்கிச் சனியன். பிடிக்கு மேலே குறுக்கு இரும்பில் அப்பியிருந்த அழுக்கை நகத்தால் சுரண்டினார். 417.

விஷயத்தைச் சொல்லிக் கேட்டார்.

"எங்க மாமியா காலத்துல இருந்து இருக்குதுங்க" என்றாள் மாராத்தாள். கத்தியைப் பார்த்தாள், அவர் நரைத்த தலையைப் பார்த்தாள். "பெரியவரு இத்தன ஆசையா கேக்கறீங்க. எடுத்துக்கோங்க."

மறுநாள் பொழுது சாயும் முன் சிஸ்டர் வீட்டில் இருந்தார். சிஸ்டர் காலி உறையை இறக்கிக் கத்தியைப் போட்டுப் பார்த்தார். கத்தி வழுக்கிக்கொண்டு போய் 'க்ளக்' என்று உட்கார்ந்தது. பிரிந்து எத்தனை காலமோ, ஒரு நூல் இடைவெளி இல்லை. இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

சிஸ்டர் கத்தியைத் திரும்ப உருவி முகர்ந்து பார்த்தார். அடியில் ஒரு தேங்காய் நார் சிக்கியிருந்தது. அதை விரலால் எடுத்தார்.

"அந்தம்மா இப்ப எதுல உரிக்குது?"

"வேற கம்பி ஏதாவது வச்சிருக்கும்."

"இருக்கா?"

"கேக்கலை சிஸ்டர்."

"பொள்ளாச்சிக்கு முதல் பஸ் எப்ப சார்?"

அவருக்குப் புரிந்தது. கோபமும் வந்தது. "என்ன சிஸ்டர் இது, எவ்வளவு காலமா தேடினீங்க!"

"தேடினேன். கெடைச்சிடுச்சு."

கத்தியை அப்படியே திருப்பிக் கொடுத்தனுப்பியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். சிஸ்டர் அப்படிப்பட்டவர் இல்லை. கத்திக்குச் சாணை பிடிக்கச் சொல்லி, கட்டைக்கு நல்ல இரும்புப் பூண் ஒன்றும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

ஜம்புநாதன் போனார். பழைய கட்டையிலேயே கத்தியை இறுக்கிக் கொடுத்தார். மாராத்தாள் இளங்காயாகப் பார்த்து ஒன்றைக் குத்தி ஒரே திருப்பில் மட்டையைப் பிரித்து, உடைத்து அவர் கையில் வைத்தாள். அதைத் தின்றுகொண்டே பஸ் ஏறினார். வழியெல்லாம் ஒரே நினைப்புதான். கொண்டுவந்ததும் போச்சு, உறையில் போடும் பாக்கியமும் போச்சு.

திரும்பி வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"நேரமாச்சு. ஆரம்பிங்க சார்."

"நானா?"

"நீங்கதான்."

கை கால் கழுவிவிட்டு வந்தார். முதல் கத்தியை எடுத்தார். "உள்ளே." அடுத்தது. "உள்ளே." ரம்பப் பல் கத்தியை மெதுவாக இறக்கினார். "உள்ளே." ஒவ்வொன்றாக முடித்துக் கடைசி ஆணிக்கு வந்தார். காலி உறை. 417.

நின்றுவிட்டார். "இதுக்கு என்ன சொல்லட்டும் சிஸ்டர்?"

"அது மாராத்தா வீட்டுல இருக்கு" என்றார் எஸ்தர் சிஸ்டர். "உள்ளேன்னு சொல்லுங்க சார்."